எலும்பை அரிக்கும் ரத்தப் புற்றுநோய்: முறிவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

எனக்கு வரும் கடிதங்களில் மல்லிகையில் மொட்டுப்புழு, முருங்கையில் பழ ஈ, தென்னையில் வெள்ளை ஈ என்றுதான் கேள்விகள் இருக்கும். போன மாதம் வேடசந்தூர் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தில் பயிரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "என் வீட்டுக்காரருக்கு எலும்பைப் பாதிக்கிற ரத்தப் புற்றுநோய் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். மாதம் ஒரு தடவை எலும்புக்கு ஊசி போடணுமாம். அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். புற்றுநோய்க்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? அவர் காட்டு வேலைக்குப் போகலாமா, கூடாதா? பிள்ளைகளுக்கும் இது வருமா?" என்று கேட்டிருந்தார்.

நான் படித்தது வேளாண்மை, மருத்துவம் இல்லை. என்றாலும் இந்தக் கடிதத்தை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. என் அக்கா வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான். நாலு வருடமாக அவரோடு ஆஸ்பத்திரிக்கும் லேபுக்கும் போய்வருவதில், டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். அதில் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மச்சானுக்கு நிலக்கோட்டைப் பக்கம் ஒரு ஏக்கர் மல்லிகை, கொஞ்சம் தென்னை. பூ எடுக்கிறவர்களுக்கு முதுகு வலிப்பது ஒரு நோயாகவே கணக்கில் வராது. விடியும் முன்னால் குனிந்தால் வெயில் ஏறும் வரை நிமிர முடியாது. அதனால் ஏழு மாதம் வலித்தபோதும் வீட்டில் யாரும் பயப்படவில்லை. பக்கத்து மெடிக்கலில் வலி மாத்திரை, அடங்காவிட்டால் இடுப்பில் ஒரு ஊசி. இடையில் உடம்பு இளைத்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று அதையும் தள்ளிவிட்டார்கள். ஒரு நாள் யூரியா மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். 45 கிலோ, அவர் முப்பது வருடமாகத் தூக்குகிற கனம்தான். முதுகுக்குள் ஏதோ நொறுங்கிய மாதிரி இருந்ததாம், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எக்ஸ்ரேயில் முதுகெலும்புக் கட்டை ஒன்று அமுங்கிப்போயிருந்தது. 61 வயது ஆளுக்கு, கீழே விழாமல், ஒரு மூட்டையைத் தூக்கியதற்கே எலும்பு அமுங்குமா என்று திண்டுக்கல்லில் பார்த்த எலும்பு டாக்டர் சந்தேகப்பட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்த அளவு 8-க்கும் கீழே. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. அங்கிருந்து மதுரை, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, பத்தே நாளில் பெயர் தெரிந்துவிட்டது: மல்டிபிள் மைலோமா.

நம் ரத்தம் உற்பத்தியாவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். அங்கே பிளாஸ்மா செல் என்று ஒரு வகை உண்டு. கிருமிகளை எதிர்க்கும் புரதம் செய்வது அதன் வேலை. அந்த செல்கள் கட்டுமீறிப் பெருகுவதுதான் மைலோமா. நல்ல ரத்தம் ஊற இடம் போய்விடும், அதனால் சோகை. உதவாத புரதம் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். மூன்றாவதுதான் எலும்பு. நோய் கண்டுபிடிக்கப்படும்போதே நூற்றில் ஏறக்குறைய 80 பேருக்கு எலும்பில் சேதம் இருக்கும் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு.

தென்னையில் சிவப்புக் கூன்வண்டு விழுந்த மரத்தைப் பார்த்திருப்பீர்கள். வெளியே மரம் பச்சையாக நிற்கும். உள்ளே தண்டு சோறு சோறாகப் போயிருக்கும். ஒரு காற்றுக்கு முறியும். மைலோமா எலும்பும் அப்படித்தான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கூன்வண்டின் புழு தானே தின்கிறது. இங்கே புற்றுநோய் செல் எலும்பைத் தின்பதில்லை, தின்ன ஆளை ஏவிவிடுகிறது. நம் எலும்பில் பழையதைக் கரைக்கிற செல்களும் புதிதாகக் கட்டுகிற செல்களும் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. நாம் வரப்பை அண்டை வெட்டி, சேறு வைத்துப் பூசுகிற மாதிரி. மைலோமா செல்கள் வெட்டுகிற ஆளை முடுக்கிவிட்டு, பூசுகிற ஆளைக் கட்டிப்போட்டுவிடும். எலும்பில் ஓட்டை விழுகிறது, கரைந்த சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் கலக்கிறது. ஓர் இடத்தில் எலும்பின் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும். அதனால்தான் இப்போது உடம்பு முழுவதற்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள்.

இது புது நோயும் இல்லை, ஏழைகளுக்கு மட்டும் வருவதும் இல்லை. இந்தி நடிகையும் சண்டிகர் எம்.பி.யாக இருந்தவருமான கிரோன் கேருக்கு 2020 நவம்பரில் வீட்டில் கை முறிந்தது. அதற்காகச் செய்த பரிசோதனைகளில்தான் மைலோமா தெரிந்தது. 2021 ஏப்ரலில் குடும்பத்தாரே அதை வெளியில் சொன்னார்கள். லண்டனில் 1844-ல் சாரா நியூபரி என்ற பெண்ணின் கதையை டாக்டர் சாமுவேல் சாலி எழுதிவைத்திருக்கிறார். 39 வயது. முதலில் குனிந்தால் முதுகில் வலி. நாளாக ஆகப் படுக்கை. ஒரு நாள் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தும்போது தொடை எலும்புகள் முறிந்துவிட்டன. அன்று அவர்களிடம் இருந்த மருந்து ஆரஞ்சுத் தோல் கஷாயமும் வலிக்கு அபினும்தான். இந்தக் கதையை மச்சானிடம் சொன்னபோது, "அப்ப நான் கொடுத்துவச்சவன் மாப்ளே, என்னைய தூக்க எங்க வீட்ல யாராலயும் முடியாது" என்றார்.

இனி ஊசிக்கு வருகிறேன். மச்சானுக்குப் போடுவது சோலெட்ரானிக் அமிலம். டிரிப்ஸில் கலந்து கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றுவார்கள், நாலு வாரத்துக்கு ஒரு முறை. இது எலும்பின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். எலும்பைக் கரைக்க வரும் செல் அந்த மருந்தையும் சேர்த்து விழுங்கும், விழுங்கியதும் முடங்கிவிடும். விதைநேர்த்தி செய்த விதையைத் தின்ற பூச்சிக்கு ஆகிற கதிதான். இது புற்றுநோய்க்கான மருந்துக்குப் பதில் இல்லை, அதனுடன் சேர்த்துப் போடுவது. எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியாதவர்களுக்கும் சிகிச்சை தொடங்கும்போதே இதைப் போடுவது உண்டு. பிரிட்டனில் 1,900-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த 'மைலோமா 9' என்ற ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. அதே வேலைக்கு முன்பு கொடுத்த மாத்திரையைவிட இந்த ஊசி எலும்பு முறிவைக் குறைத்தது, ஆயுளையும் சில மாதங்கள் கூட்டியது. "வலிதான் குறைஞ்சிருச்சே, இனி ஊசி எதுக்கு?" என்று மூன்றாவது மாதமே மச்சான் கேட்டார். ஊசி வலிக்காக அல்ல, அடுத்த முறிவு வராமல் இருக்க. பெரும்பாலும் இரண்டு வருடம் போட்டு, பிறகு இடைவெளியைக் கூட்டுவதா நிறுத்துவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

முதல் ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்பு முறுக்கு வரலாம். அதற்காகப் பயந்து அடுத்ததை விட்டுவிட வேண்டாம்.

பல்லுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள். பல்லைப் பிடுங்கிய குழி ஆற வேண்டுமானால் தாடை எலும்பில் பழையது கரைந்து புதியது கட்ட வேண்டும். ஊசியோ கரைக்கும் வேலையை முடக்கியிருக்கிறது. அதனால் ஊசி தொடங்கிய பிறகு பல்லைப் பிடுங்கினால் சிலருக்குப் புண் ஆறாமல் தாடை எலும்பு செத்து வெளியே தெரிய ஆரம்பிக்கும். எல்லாருக்கும் வராது. வந்துவிட்டால் மாதக்கணக்கில் பாடுபடுத்தும். ஆடுகிற பல், சொத்தைப் பல் எதுவாக இருந்தாலும் ஊசிக்கு முன்பே பிடுங்கி, குழி நன்றாக ஆறியதும் தொடங்குவார்கள். மச்சானுக்கு இரண்டு கடைவாய்ப் பல் எடுத்தோம். முப்பது வருட வெற்றிலை, புகையிலை அங்கேதான் குடியிருந்தது. புகையிலை அன்றோடு நின்றது, அதற்கு அக்காவின் சத்தம்தான் காரணம். அதற்குப் பிறகு தினம் இரண்டு வேளை மெதுவான பிரஷ். செங்கல் பொடி, சாம்பல், உப்பு போட்டுத் தேய்ப்பதெல்லாம் ஈறைக் கிழிக்கும். பிறகு எப்போது பல் வலித்தாலும், ஊசி போட்டுக்கொள்கிற விஷயத்தைப் பல் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைப்பார்கள், ரொம்பத் தளர்ந்திருந்தால் டெனோசுமாப் என்று தோலுக்கு அடியில் போடும் வேறு ஊசிக்கு மாற்றுவார்கள். இதை நாமாகப் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து மறுபடி முறிவு வரும். கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் டாக்டர் எழுதித்தந்தால்தான். நோய் முற்றியிருக்கும்போது ரத்தத்தில் ஏற்கெனவே கால்சியம் கூடியிருக்கும். அப்போது எலும்புக்கு நல்லது என்று யாரோ சொன்ன சிப்பி பஸ்பம், முத்து பஸ்பம் சாப்பிடுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். மாறாக, ஊசி போட்ட நாட்களில் வாயைச் சுற்றி மதமதப்பு, விரல் இழுத்துக்கொள்வது இருந்தால் கால்சியம் குறைந்திருக்கலாம், அதையும் சொல்ல வேண்டும். ஆட்டுக்கால் சூப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். குடிக்கலாம், ருசிக்குத்தான். எலும்பில் விழுந்த ஓட்டையை அது அடைக்காது. பிரண்டைத் துவையலுக்கும் இதே பதில்.

என்னைக் கேட்டால், நம் ஊர்களில் இந்த நோயாளிகளுக்குப் பெரிய ஆபத்து மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கிற வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரூஃபன் ஆகிய மூன்றும், அவற்றைச் சேர்த்துச் செய்த மாத்திரைகளும் சிறுநீரகத்தை அடிக்கும். மைலோமாவில் சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்டது. பாரசிட்டமால் போதாவிட்டால் டாக்டரே அதற்குமேல் வலுவான மருந்து தருவார். ஒரே இடத்தில் வலி நிற்காமல் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுப்பார்கள், சில சமயம் ஒரே தடவையில் முடிந்துவிடும். அமுங்கிய முதுகெலும்புக்குள் சிமென்ட் போன்ற ஒன்றைச் செலுத்தி நிறுத்தும் சிகிச்சையும் உண்டு. தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொன்னார்கள் மச்சானுக்கு. இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருப்பவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காட்டு வேலைக்குப் போகலாமா? போகலாம், போக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். நடக்காமல் படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் வேகமாகத் தேயும், சதையும் போய்விடும். எலும்பு எந்த அளவு தாங்கும் என்று ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொன்ன பிறகு, காலையிலும் மாலையிலும் சமதரையில் நடக்கலாம். உட்கார்ந்து பூக்கட்டலாம், கணக்குப் பார்க்கலாம், ஆட்களுக்கு வேலை சொல்லலாம். கூடாதவை வேறு. உரமூட்டை, தண்ணீர்க் குடம், நிறைந்த தெளிப்பான் எதையும் தூக்கக் கூடாது. 16 லிட்டர் தெளிப்பானை நிரப்பி முதுகில் மாட்டினால் கிட்டத்தட்ட 20 கிலோ முதுகெலும்பின் மேல்தான் இறங்குகிறது. குனிந்துகொண்டே இடுப்பைத் திருப்பி மண்வெட்டி பிடிப்பதும் அப்படித்தான். டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து மேடு பள்ளத்தில் போவதும், டிவிஎஸ் 50-யில் மூட்டையோடு மூட்டையாகப் போவதும் வேண்டாம். பஸ்ஸில் கடைசி சீட்டைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள்.

வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது பாதி வைத்தியம். இந்த நோய்க்குக் கொடுக்கும் போர்டிசோமிப் என்ற மருந்தால் பலருக்குப் பாதம் மரத்துப்போகும். தரை மேடா பள்ளமா என்று கால் சொல்லாது. கூடவே தரும் டெக்சாமெத்தசோன் எலும்பையும் சதையையும் மெலிய வைக்கும். அப்படி இருக்கும்போது, ராத்திரி மூன்று முனைக் கரண்ட் வந்ததும் வரப்பில் நடந்துபோய் மோட்டார் போடுவது பெரிய ஆபத்து. மச்சானுக்கு விட முடியாமல் இருந்தது இந்த ஒன்றுதான். கடைசியில் செல்போனிலிருந்து மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டினோம். "தண்ணி பாயுறத பாக்காம மோட்டார் போடுறது என்ன வெவசாயம்?" என்று இன்றைக்கும் குறைபட்டுக்கொள்கிறார். வீட்டில் குளியலறையில் கைப்பிடி, வாசல்படி ஓரத்தில் விளக்கு, தேய்ந்த ரப்பர் செருப்புக்குப் பதில் பின்னால் பட்டை உள்ள செருப்பு. இவ்வளவுதான் செலவு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதுகு வலித்தால் குப்புறப் படுத்துப் பேரப்பிள்ளையை ஏறி மிதிக்கச் சொல்வது நம் வீடுகளில் சாதாரணம். சுளுக்கு எடுக்கிறேன், நரம்பை நீவி விடுகிறேன் என்று முட்டியால் அழுத்துகிறவர்களும் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். இந்த நோயாளியின் முதுகில் கைவைக்க அவர்களை அனுமதிக்காதீர்கள். உள்ளே அரித்த எலும்பு அந்த அழுத்தத்தைத் தாங்காது. தூக்கி உட்கார வைக்கும்போதும் கக்கத்தில் கைகொடுத்து இழுக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, மெதுவாக எழ வைக்க வேண்டும்.

திடீரென்று கால் வலுவிழந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்தாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, மலம் தெரியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதுகுத் தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். அன்றே சிகிச்சை கிடைத்தால் கால் திரும்ப வாய்ப்புண்டு, நாள் தள்ளினால் படுக்கைதான். 108-க்கு அழைத்துவிடுங்கள். அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம், அதற்கும் அன்றே போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு வருமா என்ற கேள்விக்கு: இது தொற்றாது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்குகிற நோயும் இல்லை. நெருங்கிய உறவினருக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவே. அந்தச் சகோதரி கேட்காத ஒன்றை வேளாண் அலுவலர் என்ற முறையில் நானே சொல்கிறேன். மைலோமாவுக்கு முன் நிலை ஒன்று உண்டு. ரத்தத்தில் அந்தப் புரதம் மட்டும் கொஞ்சம் தெரியும், வேறு தொந்தரவு இருக்காது. அந்த நிலையில் இருப்பவர்களில் வருடத்துக்கு நூற்றில் ஒருவர் அளவில்தான் நோயாக மாறும். அமெரிக்காவில் பூச்சிமருந்து அடிக்கும் 678 ஆண்களின் ரத்தத்தைப் பார்த்தபோது, மின்னசோட்டா மாநிலத்தின் சாதாரண ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பேருக்கு இந்த முன் நிலை இருந்தது என்று 2009-ல் வெளியிட்டார்கள். மச்சானுக்கு மருந்து அடித்ததால்தான் வந்தது என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது. என்றாலும் மல்லிகைக்கு மாதத்தில் பல தடவை மருந்து அடிக்கிற நம் ஊரில், கையுறை இல்லாமல் கலக்குவதையும், காற்றுக்கு எதிரே நின்று அடிப்பதையும், அடித்த சட்டையோடு பிள்ளையைத் தூக்குவதையும் நிறுத்த இது போதுமான காரணம். நோயாளி இருக்கிற வீட்டில் மருந்து அடிப்பது அவர் வேலையாக இருக்கவே கூடாது.

50 வயதைத் தாண்டி, ஓய்வெடுத்தும் ஒன்றரை மாதமாக விடாத முதுகு வலியோ விலா வலியோ, அத்துடன் சோகையோ எடை குறைவோ இருந்தால் ரத்த அளவு, இ.எஸ்.ஆர்., கிரியேட்டினின், கால்சியம் பார்க்கக் கேளுங்கள். முதல் நாலும் சாதாரணப் பரிசோதனைகள். சந்தேகம் வந்தால் புரத எலக்ட்ரோபோரெசிஸ் என்ற பரிசோதனையை டாக்டர் எழுதுவார். திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, முதலில் அங்கே காட்டலாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். நகையை அடகு வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

அக்கா எல்லாச் சீட்டையும் தேதி வாரியாக ஒரு மஞ்சள் பையில் வைத்திருக்கிறாள். மச்சானின் சட்டைப் பையில் ஒரு அட்டை எப்போதும் இருக்கும். நான்தான் எழுதிக் கொடுத்தேன்: "எனக்கு மல்டிபிள் மைலோமா. எலும்புக்கு சோலெட்ரானிக் ஊசி போடுகிறார்கள், கடைசியாகப் போட்ட தேதி இது. டாக்டரைக் கேட்காமல் பல் பிடுங்க வேண்டாம். டைக்ளோஃபினாக் ஊசி போட வேண்டாம்." கீழே டாக்டரின் போன் நம்பரும் அக்காவின் நம்பரும். தேதியை மட்டும் மாதா மாதம் பென்சிலால் அழித்து எழுதிக்கொள்கிறார்.